என் லிஸ்ட்டில் மூணு படம், மூணுக்கும் ஒரே ஆள்

ஹாஸ்டலில் கரண்ட் போன ராத்திரி என்ன நடக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா? யாராவது ஒருத்தன் ஆரம்பிப்பான், ஆளுக்கு அஞ்சு பிடிச்ச படம் சொல்லுங்கடான்னு. எங்க ரூமிலும் அதுதான் நடந்தது. என் முறை வந்ததும் அந்த நாள், பொம்மை, நடு இரவில்னு மூணு பேரை வரிசையா சொன்னேன். மூணும் எஸ். பாலசந்தர் எடுத்ததுன்னு சேர்த்துச் சொன்னதும், அவர் எடுத்தது எதிர்நீச்சல்தானே மச்சின்னு ஒரு குரல் வந்தது. இல்லைங்க. அது கே. பாலசந்தர். இவர் வேற. இவரை வீணை பாலசந்தர்னு சொன்னால் உங்க வீட்டில் தாத்தா பாட்டிக்குத் தெரிஞ்சிருக்கலாம். வீணைன்னு சொன்னதுமே, அவருக்கு சினிமாவில் என்ன வேலைன்னு கேட்பீங்க. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1927 ஜனவரி 18-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா சுந்தரம் ஐயர் வக்கீல். 1934-ல் கோலாப்பூரில் பிரபாத் கம்பெனி சீதா கல்யாணம்னு ஒரு தமிழ்ப்படம் எடுத்தது. அந்தக் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு போய் அதில் நடித்தது. அப்பா ஜனகர். அண்ணன் ராஜம் ராமர். அக்கா ஜெயலட்சுமி சீதை. அண்ணன் ராமராகவும் அக்கா சீதையாகவும் ஒரே படத்தில் நடித்ததை இன்றைக்கு நினைத்தால் கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு. அந்தக் காலத்திலும் பேச்சு வந்திருக்காமலா இருக்கும்! ஏழு வயது பாலசந்தருக்கு ராவணன் சபையில் வாசிக்கிற குட்டி வித்வான் வேடம். அதற்கு முன்னாடியே அவருக்குக் கஞ்சிரா கைவந்திருந்தது. (அந்த அண்ணன் எஸ். ராஜம் பிற்காலத்தில் பெரிய பாடகர், ஓவியர். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள் சேர்ந்து இருக்கிற படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீங்க, அது அவர் வரைந்தது.)

கஞ்சிராவுக்கு அப்புறம் தபேலா, சிதார்னு கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தார். சென்னை வானொலியில் கலைஞராக வேலை பார்த்தார். வீணைக்கு குருன்னு யாருமே கிடையாது, தானே உட்கார்ந்து கற்றுக்கொண்டார். குரு வழியாத்தான் எல்லாமும் வரணும்னு இருந்த சங்கீத உலகத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. யூடியூப் பார்த்துப் பைத்தான் கற்றுக்கொள்கிற நமக்கு அதன் கனம் சட்டென்று புரியாது.

இன்னொரு பக்கம் சினிமாவும் ஓடிக்கொண்டே இருந்தது. 1948-ல் இது நிஜமா படத்தில் இரட்டை வேடம், இசையும் அவரே. அதே வருஷம் என் கணவர் படத்தை இயக்கினார். வயது 21. நம்மில் பலர் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு டைட்டில் தேடிக்கொண்டிருக்கிற வயது. 1951-ல் கைதி வந்தது. (கார்த்தி படம் இல்லைங்க!)

இப்போ அந்த நாள் கதைக்கு வரேன். 1952-ல் இந்தியாவில் முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்த சமயம், குரோசாவாவின் ரஷோமோன் இங்கே வந்தது. ஒரே சம்பவத்தை ஒவ்வொருத்தரும் வேறு வேறு மாதிரி சொல்கிற படம். பாலசந்தருக்கு அந்த உத்தி மண்டைக்குள் ஏறிவிட்டது. அதே பாணியில் ஒரு நாடகம் எழுதி வானொலிக்குக் கொடுத்தார். வேண்டாம்னு திருப்பிவிட்டார்கள். சும்மா இருக்காமல் ஏ.வி.எம். ஸ்டூடியோவில் மெய்யப்பச் செட்டியாரிடம் போய்க் கதை சொன்னார். செட்டியார் ஒத்துக்கொண்டார். வசனம் எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தவர் ஜாவர் சீதாராமன்.

பாட்டு இல்லாத முதல் தமிழ்ப் பேசும்படம் அதுதான். பாட்டு, டான்ஸ், சண்டை எதுவும் கிடையாது. ஒரு படத்துக்குப் பத்துப் பதினஞ்சு பாட்டு இருந்த காலம் என்பதை மறந்துடாதீங்க. 1954 ஏப்ரல் 13-ல், அதாவது சித்திரைப் புத்தாண்டு ஒட்டி, ரிலீஸ். பாட்டைத் தேடி வந்தவர்கள் ஏமாந்து கோபப்பட்டார்கள். தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்த பிறகுதான் படத்தின் மரியாதை ஏறியது.

நான் அதைப் பார்த்தது ஒரு பௌர்ணமி ராத்திரி. திருவண்ணாமலையில் பௌர்ணமின்னா உங்களுக்கே தெரியும்: பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திடுவாங்க, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலை. வீட்டுக்கும் போக முடியாமல் ரூமிலேயே மாட்டிக்கொண்டு, போனில் ஏதோ தேடும்போது கிடைத்தது. பத்து நிமிஷத்தில் மூடிடலாம்னுதான் ஆரம்பித்தேன். படம் ஆரம்பித்ததுமே ஹீரோ செத்துக் கிடக்கிறார், அதுவும் சிவாஜி கணேசன்! பராசக்தி வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அவரை முதல் காட்சியிலேயே சுட்டுப் போட்டால்? அப்புறம் எப்படி மூடுவது.

1943-ல் சென்னை மேல் ஜப்பான் குண்டு போட்ட ராத்திரியை ஒட்டி நடக்கிற கதை. செத்துப்போன ராஜன் யாருன்னு நினைக்கறீங்க? ஒரு ரேடியோ இன்ஜினியர். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவின்னு ஒவ்வொருத்தர் சொல்லும்போதும் அந்த ராஜன் வேற வேற ஆளாகிறான். திறமை இருக்கு, படிப்பு இருக்கு, தன் ஆராய்ச்சியை யாரும் மதிக்கலைன்னு ஒரு கசப்பும் இருக்கு. அந்தக் கசப்பு ஒருத்தனை எங்கே கொண்டுபோகும் என்பதுதான் படம். ஈ.சி.ஈ. படிக்கிற எனக்கு அது கொஞ்சம் கிட்டத்தில் வந்து இடித்தது, சொல்லத்தான் வேணும். கொலை செய்தது யாருன்னு மட்டும் சொல்ல மாட்டேன். எழுபது வருஷப் படம்னாலும் ஸ்பாய்லர் ஸ்பாய்லர்தான்.

பொம்மை 1964-ல் அவரே தயாரித்து இயக்கியது. ஒரு பொம்மைக்குள் குண்டு. அது ஊரெல்லாம் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கு. கொஞ்சம் நீளம், நடுவில் ஓட்டிவிடலாம்னு தோணும், ஒத்துக்கறேன். ஆனால் முடிவை மட்டும் விட்டுடாதீங்க. படம் முடிந்ததும் பாலசந்தரே வந்து, கேமராவுக்குப் பின்னால் வேலை செய்தவர்களை ஒவ்வொருத்தராக நமக்கு அறிமுகம் செய்கிறார். எண்ட் கார்டு ஓடும்போது எழுந்துபோகிற நம்மை மாதிரி ஆட்களுக்காகவே எடுத்தமாதிரி இருக்கும். நடு இரவில், அகதா கிறிஸ்டி நாவலை வைத்து எடுத்தது. ஒரு வீடு, வெளியே போக வழியில்லாத ஆட்கள், ஒவ்வொருத்தராகச் சாவு. எடுத்து முடித்து ரொம்ப நாள் காத்திருந்து 1970-ல்தான் வெளிவந்தது. அவர் இயக்கிய கடைசிப் படம் அது.

அதற்கப்புறம் முழுக்க வீணைதான். ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அங்கேயே பல ஸ்வரங்களைக் கொண்டுவருவது அவர் வாசிப்பின் அடையாளம். முதல் வருஷ பிசிக்ஸ் ஞாபகம் இருக்கா? தந்தியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். இழுக்க இழுக்க ஸ்வரம் ஏறும். ஃபார்முலா நமக்குத் தெரியும், ஆனால் எவ்வளவு இழுத்தால் எந்த ஸ்வரம் என்பது அவர் விரலுக்குத் தெரியும். 72 மேளகர்த்தா ராகங்களையும் வாசித்துப் பதிவு செய்தார். 1982-ல் பத்மபூஷண் வந்தது.

விருது வாங்கியவர் அமைதியா இருந்தாரான்னா, இல்லை. சண்டைக்காரர். புது ராகம் உண்டாக்கினதா பாலமுரளிகிருஷ்ணா சொன்னதை எதிர்த்தார். சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் கீர்த்தனைகள் அவர் செய்ததே இல்லைன்னு வாதாடினார். இதில் அவர் பக்கம் நியாயம் எவ்வளவுன்னு சொல்ல எனக்கு சங்கீதம் பத்தாது. சண்டை போட்ட நேரத்தில் இன்னும் ரெண்டு படம் எடுத்திருக்கலாமேன்னு ஒரு ரசிகனா எனக்கு ஆதங்கம், அவ்வளவுதான்.

1990-ல், 63 வயதில், பிலாய் நகரில் மாரடைப்பில் காலமானார். தேதி ஏப்ரல் 13. அந்த நாள் வந்த அதே நாள்.

அடுத்த பௌர்ணமிக்கு எங்க ரூமில் ஆறு பேர் ஒரே லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். இடைவேளைக்கு முன்னாடியே ஆளாளுக்கு ஒரு கொலையாளியைப் பிடித்துவிட்டார்கள். பாலசந்தர்னா எதிர்நீச்சல்தானேன்னு கேட்டவன் தம்பி மேல் பத்து ரூபாய் பந்தயம் கட்டினான். ஜெயித்தானா தோற்றானான்னு நீங்களே பார்த்துத் தெரிஞ்சுக்கோங்க.