நார்மன் இராபர்ட் போக்சன்

நார்மன் இராபர்ட் போக்சன் (மார்ச் 23, 1829 – சூன் 23, 1891) ஓர் ஆங்கிலேய வானியலாளர் ஆவார். இவர் 1861 முதல் இறக்கும் வரை சென்னை வானாய்வகத்தின் தலைவராகப் பணியாற்றினார். விண்மீன்களின் ஒளிப்பொலிவு அளவுகோலை வகுத்தவர். தொலைதூர ஊர்களின் கடிகாரங்களைத் தந்தி மூலம் ஒப்பிட்டு அவற்றின் நெட்டாங்குகளைக் கணித்தவர்.

தொடக்க காலம்

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பிறந்தார். 1852 இல் ஆக்சுபோர்டின் இராட்கிளிஃப் வானாய்வகத்தில் சேர்ந்தார். ஐந்து பருமன் வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டிற்குச் சமம் என்ற வரையறையை 1856 இல் முன்வைத்தார். இதன்படி ஒரு பருமன் வேறுபாடு ஏறத்தாழ 2.512 மடங்காகும். இவ்வெண் போக்சன் விகிதம் எனப்படுகிறது.

சென்னையில்

வானாய்வகம் நுங்கம்பாக்கத்தில் அமைந்திருந்தது. போக்சன் கண்டுபிடித்த எட்டுச் சிறுகோள்களில் ஐந்து இங்கிருந்து கண்டறியப்பட்டவை. அவற்றுள் முதலாவதற்கு (1861) ஆசியா எனப் பெயரிடப்பட்டது. இவருடைய உதவியாளரான சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867 இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டுபிடித்தார். மகள் ஐசிஸ் போக்சன் 1873 முதல் உதவியாளராகப் பணிபுரிந்தார்.

நேரக் கணிப்பு

எந்தக் கடிகாரமும் தானாகவே பிழையின்றி ஓடுவதில்லை. எனவே நிலை அறியப்பட்ட விண்மீன்கள் உச்சிவட்டத்தைக் கடக்கும் கணத்தைக் குறித்து, வானாய்வகக் கடிகாரத்தின் பிழை கணக்கிடப்பட்டது.

ஒவ்வோர் ஊருக்கும் உள்ளூர் நேரம் வேறுபடும். எடுத்துக்காட்டாக, தர்மபுரி மாவட்டத்தின் மாரண்டஹள்ளியில் நண்பகல் சென்னையை விட ஏறத்தாழ 9 நிமிடங்கள் பிந்தி வரும். இந்த வேறுபாட்டை அளந்தால் நெட்டாங்கு கிடைக்கும். ஒரு வினாடிப் பிழை சென்னையின் அகலாங்கில் சுமார் 450 மீட்டர் இடப்பிழையாகும்.

தந்திக் குறிப்பு கம்பியில் செல்லவும் சிறிது நேரம் எடுக்கும். குறிப்புகளை இரு திசைகளிலும் அனுப்பிச் சராசரி எடுத்தால் இத்தாமதம் நீங்கிவிடும். ஆனால் இரு திசைகளிலும் தாமதம் சமமாக இருத்தல் வேண்டும். அவினாசி, புதுச்சேரி, யாழ்ப்பாணம், கொழும்பு, கராச்சி, சிங்கப்பூர் முதலிய இடங்களுக்கும் சென்னைக்கும் இடையிலான நெட்டாங்கு வேறுபாடுகளைத் தந்திவழி கணித்து, அம்முடிவுகளை 1884 இல் வெளியிட்டார். இவற்றுள் அவினாசி, 1871 திசம்பர் 12 அன்று இவர் முழுச் சூரிய கிரகணத்தை நோக்கிய ஊராகும்.

சென்னை நேரத்தை இந்திய இரயில்வேக்கள் பொது நேரமாகக் கொண்டிருந்தன. 1906 சனவரி 1 அன்று இந்திய சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது.

பிற்காலம்

ஆட்பற்றாக்குறையுடன் நடந்த வானாய்வகத்தில் நோக்கீடுகள் குவிந்தன. அவற்றில் பெரும்பகுதி வெளியிடப்படாத நிலையிலேயே போக்சன் சென்னையில் காலமானார். அடுத்துப் பொறுப்பேற்ற சார்லசு மிச்சி சுமித் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். 1899 இல் வானியல் பணிகள் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டன.

இன்றைய தொடர்பு

கணினி வலையமைப்புகளில் கடிகாரங்களை ஒத்திசைக்கும்போதும் செய்திகள் இரு திசைகளிலும் அனுப்பப்பட்டுத் தாமதம் கழிக்கப்படுகிறது. எண்ணிமச் சுற்றுகளிலும் கடிகாரத் துடிப்பு எல்லாப் பகுதிகளையும் ஒரே கணத்தில் அடைவதில்லை. இவ்வேறுபாடு வரம்பை மீறினால், சுற்று தவறான மதிப்பைப் பதிவு செய்யும்.