சத்தியவாணி முத்துவும் தனித்தொகுதியின் எல்லையும்

ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் தமிழ்நாடு அரசின் திட்டம் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாகப் பெயரிடப்பட்டுள்ளது. தையலே பிழைப்பாகிவிட்ட திருப்பூர் வட்டாரத்தில் இப்பெயர் விண்ணப்பப் படிவங்களின் வழியே அறிமுகமானது. ஆனால் தலித் அரசியலின் தீராத சிக்கலொன்றைத் தம் வாழ்வின் வழியே வெளிப்படுத்தியவர் அவர் என்பது பரவலாக அறியப்படவில்லை.

1923இல் சென்னையில் பிறந்த சத்தியவாணி முத்து, 1949இல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றிய நாள்தொட்டு அதில் இருந்தவர். 1953இல் ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்த போராட்டத்தில் கைதானார். ‘அன்னை’ என்னும் இதழை நடத்தினார். 1957 தேர்தலில் பெரம்பூரில் வென்று, தி.மு.க. முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய 15 பேரில் ஒருவரானார். 1962இல் தோற்று, 1967இல் மீண்டும் வென்றார். அண்ணாவின் அமைச்சரவையில் அன்று அரிசன நலத்துறை என வழங்கிய துறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்த ஆட்சியின் இரண்டாம் ஆண்டில்தான், 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். தாழ்த்தப்பட்டோர் நலனுக்கென ஓர் அமைச்சரும் ஒரு துறையும் இருந்தாலும், நிலமும் காவல்துறையும் யார் பக்கம் நிற்கின்றன என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது என்பதை அந்நாள் உணர்த்தியது.

அண்ணாவின் மறைவுக்குப் பின் கருணாநிதி அமைச்சரவையிலும் அவர் தொடர்ந்தார். ஆனால் கட்சிக்குள் தாழ்த்தப்பட்டோர் உரிய மதிப்புடன் நடத்தப்படவில்லை என்று குற்றஞ்சாட்டி 1974இல் விலகினார். கால் நூற்றாண்டுக் காலம் உழைத்த கட்சியை, அது ஆளுங்கட்சியாக இருக்கும்போதே விட்டு வெளியேறியதைப் பதவி ஆசை என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அவர் தொடங்கியது தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம். திராவிட இயக்கம் பேசிய சமத்துவத்தை அதே இயக்கத்தின் சொற்களால் கேள்விக்குட்படுத்திய பெயர் அது.

அக்கட்சி நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க.வுடன் இணைந்தது. இதைத் தனிமனிதரின் தோல்வியாக மட்டும் பார்ப்பது பிழை. 1932 பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதிக்கு மாற்றாகப் பொதுவாக்கில் தேர்வாகும் தனித்தொகுதிகளைத் தந்தது. பெரும்பாலான தனித்தொகுதிகளில் தலித் வாக்காளர்கள் சிறுபான்மையினரே. வேட்பாளர் தலித்தாக இருப்பார். வெற்றியை முடிவு செய்வது பிற சாதியினரின் வாக்கும் பெரிய கட்சியின் சின்னமும். ஆகவே ஒரு கட்சியை விட்டு வெளியேறும் தலித் தலைவர் பெரும்பாலும் இன்னொரு பெரிய கட்சியின் வாசலுக்கே வந்து சேர வேண்டியிருக்கிறது.

1978 ஏப்ரலில் அவர் அ.தி.மு.க.வின் மாநிலங்களவை உறுப்பினரானார். அவ்வாண்டு ஜூலையில், அதே கட்சியின் ஆட்சியில், விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டனர். ஆளும் கட்சி மாறியிருந்தது. சேரியின் நிலை மாறியிருக்கவில்லை. 1979இல் சரண் சிங் அமைச்சரவையில் அவரும் பாலா பழனூரும் இடம்பெற்றனர். திராவிடக் கட்சிகளிலிருந்து ஒன்றிய அமைச்சரவைக்குச் சென்ற முதல் இருவர் அவர்கள். அந்த அரசோ நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலேயே பதவி விலகிக் காபந்து அரசாகச் சில மாதங்களே நீடித்தது. 1999இல் சத்தியவாணி முத்து மறைந்தார்.

அவர் வெளியேறிய காலத்தில் கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லை. 1985இல் வந்த அச்சட்டத்தின்படி, தாமாகக் கட்சியை விட்டு விலகும் உறுப்பினர் பதவியை இழப்பார். விலைபோவதைத் தடுக்க வந்த சட்டம், மனச்சான்றின்படி விலகுவோருக்கும் அதே தண்டனையைத்தான் விதிக்கிறது. கட்சிக் கொறடாவின் ஆணையை மீறித் தம் மக்களுக்காக வாக்களிக்கவும் இயலாது.

இன்று திருப்பூர் மாவட்டத்தில் அவிநாசியும் தாராபுரமும் தனித்தொகுதிகள். பனியன் கம்பெனிகளிலும் தோட்டங்களிலும் துப்புரவுப் பணியிலும் உழைக்கும் அருந்ததியர் உள்ளிட்ட தலித் மக்களின் பெயரால் அங்கு இருவர் சட்டமன்றம் செல்கின்றனர். அவர்கள் எந்தக் கட்சியினர் என்பதைக் காட்டிலும், தம் கட்சியிடம் மறுப்புச் சொல்லும் வலிமையை அவர்களுக்கு யார் தருவது என்பதே முதன்மையான கேள்வி. 1974இல் சத்தியவாணி முத்து மறுப்புச் சொன்னபோது அவருக்குப் பின்னால் நிற்க வலுவான அமைப்பு இருக்கவில்லை. அத்தகைய அமைப்பைத் தேர்தலுக்கு வெளியே, தொழிற்சங்கத்திலும் குடியிருப்பிலும் கல்லூரியிலும் கட்டியெழுப்புவது இன்றைய தலைமுறையின் கடமை.