ஓப்பனிங் தெரியாது... ஆனா உலக சாம்பியனையே சாய்த்தார்! யார் இந்த சுல்தான் கான்?

செஸ் ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களுக்கு 'ஓப்பனிங்' என்று பெயர். கிளப்பில் விளையாடும் சிறுவர்களுக்குக்கூட சிசிலியன், கேரோ கான் என்று பிடித்த ஓப்பனிங் ஒன்று இருக்கும். ஆனால் ஓப்பனிங் புத்தகம் எதையும் படிக்காமல் லண்டன் போய், 5 ஆண்டுகளுக்குள் 3 முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆன ஒருவர் இருந்தார். அவர்தான் மீர் சுல்தான் கான்.

பஞ்சாப் கிராமத்திலிருந்து லண்டன்

இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உள்ள மிட்டா திவானாதான் சொந்த ஊர். செஸ் கற்றுக்கொடுத்தது அப்பா. 1928-ல் அகில இந்திய சாம்பியன் ஆனார். செல்வாக்கு மிக்க நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் ஆதரவு கொடுத்து, 1929-ல் அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார். சுல்தான் கான் எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரர் என்று பல காலம் சொல்லப்பட்டது. அவரது குடும்பத்தினர் இதை மறுக்கிறார்கள்.

ஓப்பனிங்கில் என்ன சிக்கல்?

அவர் ஊரில் ஆடியது இந்திய விதிப்படி. அதில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரே ஒரு கட்டம்தான் போக முடியும். அதனால் காய்கள் மோதிக்கொள்ளவே நேரமாகும். நிதானமாக அணிவகுத்துவிட்டு, பிறகு சண்டையைத் தொடங்கலாம்.

ஐரோப்பிய விதியில் சிப்பாய் எடுத்த எடுப்பிலேயே 2 கட்டம் பாயும். சில நகர்த்தல்களிலேயே மோதல் ஆரம்பம். அங்கே சறுக்கினால் ஆட்டமே போச்சு. லண்டனில் ஆடிய முதல் போட்டியில் அவர் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அதன்பின் வில்லியம் விண்டர், ஃப்ரெட் யேட்ஸ் என்ற இரு வீரர்கள் பயிற்சி கொடுத்தனர். அதே ஆண்டு கோடையில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் அவர் கையில்! 1932, 1933-லும் வென்றார்.

அவரது பலமே ஓப்பனிங் முடிந்த பிறகுதான் தெரியும். தொடக்கத்தில் பின்தங்கினாலும் பொறுமையாகத் தாக்குப்பிடிப்பார். காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில் எதிராளியை மெல்ல மெல்ல நெருக்குவார்.

காப்பப்ளாங்காவை வீழ்த்திய ஆட்டம்

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டி. எதிரே முன்னாள் உலக சாம்பியன் காப்பப்ளாங்கா. வெள்ளைக் காய்களுடன் ஆடிய சுல்தான் கான், 5-வது நகர்த்தலில் இடது ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். பார்க்க சாதாரணமாகத் தெரியும். ஆனால் எதிராளியின் காய் உள்ளே வரும் வழியை அது முன்கூட்டியே அடைத்துவிடும். 65 நகர்த்தல்கள் நீண்ட ஆட்டத்தில் வென்றது சுல்தான் கான். அந்தச் சிப்பாய் உத்தியை, பிற்காலத்தில் உலக சாம்பியனான பெட்ரோசியனின் பெயரில்தான் இன்று செஸ் உலகம் அழைக்கிறது.

1931-ல் டார்டகோவரை நேரடித் தொடரில் தோற்கடித்தார். அதே ஆண்டு பிராக் ஒலிம்பியாட்டில் பிரிட்டன் அணியின் முதல் போர்டில் ஆடி, ருபின்ஸ்டைன், ஃப்ளோர் இருவரையும் வென்றார். அப்போதைய உலக சாம்பியன் அலெகைனுடன் டிரா. இத்தனைக்கும் நடுவே மலேரியாவும் தொண்டைத் தொற்றும் அவரை விடாமல் படுத்தின.

கிடைக்காத பட்டம்

1933 டிசம்பரில் உமர் ஹயாத் கான் நாடு திரும்பினார். சுல்தான் கானும் கூடவே திரும்பினார். அத்துடன் சர்வதேச ஆட்டம் முடிந்தது.

1950-ல் உலக செஸ் கூட்டமைப்பு முதன்முதலாக 27 பேருக்கு கிராண்ட் மாஸ்டர் பட்டம் கொடுத்தது. அவரிடம் தோற்ற டார்டகோவர், ருபின்ஸ்டைன், ஃப்ளோர் மூவரும் பட்டியலில் இருந்தார்கள். சுல்தான் கான் பெயர் இல்லை. அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார்.

1966-ல் சர்கோதாவில் காசநோயால் இறந்தார். 58 ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரியில்தான் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் அவருக்கு வந்து சேர்ந்தது.