ராமானுஜனும் நம்ம ஃபார்முலா ஷீட்டும்

பெருங்களத்தூர்ல பீச் ட்ரெயின் ஏறுறீங்களா? கடைசி ஸ்டேஷனுக்குப் பக்கத்துல இருக்கிற துறைமுகத்துலதான் 1912-ல மாசம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ராமானுஜன் கிளார்க்கா சேர்ந்தார். வழியில வர்ற சேத்துப்பட்டுலதான் 1920 ஏப்ரல் 26-ல, 32 வயசுல, இறந்தார்.

அவர் 1887-ல ஈரோட்டுல பிறந்து கும்பகோணத்துல வளர்ந்தவர். ஸ்கூல் படிக்கும்போதே ஜி.எஸ்.கார் எழுதின ஒரு கணக்குப் புத்தகம் கைக்கு வந்தது. அல்ஜிப்ரா, கால்குலஸ் எல்லாம் சேர்த்து சுமார் 5,000 சூத்திரங்கள். முழு நிரூபணம் பெரும்பாலும் இருக்காது. கிட்டத்தட்ட நம்ம எக்ஸாம் ஃபார்முலா ஷீட்தான்! நாம அதை மனப்பாடம் பண்றோம். அவர் ஒவ்வொண்ணையும் தானே போட்டுப் பார்த்தார். பேப்பர் வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால சிலேட்டுல போட்டு, முழங்கையால அழிச்சு, முடிவை மட்டும் நோட்டுல எழுதி வெச்சார்.

கணக்கைத் தவிர வேற எதையும் படிக்காததால கும்பகோணம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப் போச்சு. சென்னை பச்சையப்பன்ல சேர்ந்தும் எஃப்.ஏ. பாஸ் ஆகலை. "டிகிரி இல்லாமலே ஜெயிச்சார்"னு ஃபார்வர்டு பண்றவங்க இதோட கதையை முடிச்சிடுவாங்க. நீங்க இதுக்கு அப்புறம் நடந்ததையும் பாருங்க.

1913 ஜனவரியில கேம்பிரிட்ஜ்ல இருந்த ஹார்டிக்கு லெட்டர் போட்டார். அதுல இருந்த இன்டெகிரல்களைப் பார்த்து ஹார்டி அசந்துட்டார். ஆனா பிரைம் நம்பர்களை எண்ண ராமானுஜன் நம்பின சூத்திரம் தப்பு. காரணம், நாம புலம்பிக்கிட்டே படிக்கிற காம்ப்ளெக்ஸ் வேரியபிள் பாடம் அவருக்குக் கிடைச்சதே இல்ல. கார் புத்தகத்துலயும் அது இல்ல.

1914-ல கேம்பிரிட்ஜ் போனார். ஹார்டி அந்த அடித்தளத்தைச் சொல்லிக்கொடுத்தார். பலன் 1918-ல வந்தது. 4-ஐ 3+1, 2+2 மாதிரி மொத்தம் 5 விதமா எழுதலாம். 200-ஐ? கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி விதம்! மேக்மஹோன் என்பவர் கையால கணக்குப் போட்டு எடுத்த எண்ணும், ராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து கண்டுபிடிச்ச சூத்திரம் தந்த எண்ணும் பொருந்திச்சு. அந்தச் சூத்திரத்துக்கு அடியில இருந்தது காம்ப்ளெக்ஸ் இன்டெக்ரேஷன். அதே வருஷம் ராயல் சொசைட்டி ஃபெலோவும் ஆனார்.

அவ்வளவு திறமை இருந்தவருக்கே விட்டுப்போன பாடத்தை 26 வயசுக்கு மேல உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. நமக்கு அது சிலபஸ்லயே இருக்கு. இன்னிக்கு ராத்திரி ஃபார்முலா ஷீட்டைத் திறந்தா, ஒரே ஒரு ஃபார்முலாவை எடுத்து அது எங்கிருந்து வந்ததுன்னு போட்டுப் பாருங்க. பேப்பருக்கு நமக்குப் பஞ்சமில்ல.