வாசிப்பை வாழ்க்கையாக்கிய ரசிகமணி



சங்கக் கூட்டத்துக்கு வருகிற நண்பர்களிடம் பேச்சுக் கொடுத்தால், முக்கால்வாசிப் பேர் சொல்கிற குறை ஒன்றுதான். "காலேஜில படிக்கும்போது நிறைய வாசிச்சோம். இப்போ எங்க நேரம்?" ஜனவரி முதல் தேதி ஒரு தீர்மானம், பொங்கல் முடியுமுன் அது காலி. மாசம் இரண்டு புத்தகம் என்று வாங்கி அடுக்கியதில் தூசிதான் படிகிறது. இந்த நோய்க்கு மருந்து தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம். குத்துக்கல்வலசையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற தென்காசியைச் சொந்த ஊராகக் கொண்டு, குற்றாலத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு மனிதரின் கதையே போதும். அவர்தான் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். சுருக்கமாக டி.கே.சி.

பிறந்தது 1882. எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்ததும் அதே வருஷம்தான். சென்னை கிறித்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, சட்டமும் படித்துத் திருநெல்வேலியில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். அந்தக் காலத்தில் வக்கீல் என்றால் பணமும் மரியாதையும் வாசலுக்கு வரும். ஆனால் இவருக்குக் கோர்ட்டில் மனசு ஒட்டவில்லை. மனசெல்லாம் கம்பன் மேல். இத்தனைக்கும் அவர் தமிழ்ப் பண்டிதரும் அல்ல, கல்லூரி ஆசிரியரும் அல்ல. தமிழ் வாசித்தால் சம்பளம் தருகிறவர் யாரும் கிடையாது. ருசிக்காக வாசித்தவர், அவ்வளவுதான்.

1920-களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் குடியிருந்த வீட்டில்தான் "வட்டத்தொட்டி" உருவானது. பழைய நெல்லை வீடுகளின் தொட்டிக்கட்டு நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் உட்காரத் தாழ்வாரம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆனால் நண்பர்கள் அங்கே கூடுவார்கள். தலைவர் கிடையாது, சந்தா கிடையாது, தீர்மானப் புத்தகமும் கிடையாது. ஒரு பாட்டை எடுப்பார்கள். டி.கே.சி. அதை வாய்விட்டுச் சொல்லுவார். சீர் பிரித்து அல்ல, பேசுகிற மாதிரிப் பொருள் விளங்கப் பிரித்துச் சொல்லுவார். மறுபடியும் சொல்லுவார். கேட்கிறவர்களுக்குப் பாட்டின் தாளம் மனசில் ஏறுகிற வரைக்கும் அவசரமே கிடையாது. ஒரு சாயங்காலம் முழுக்க நாலைந்து பாட்டோடு முடிந்துபோவதும் உண்டு.

அங்கே வந்து பழகியவர்கள் யார் யார் என்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் அரசாங்க உத்தியோகஸ்தர். பின்னாளில் கோயில் கோயிலாகச் சுற்றி "வேங்கடம் முதல் குமரி வரை" எழுதியவர் அவர்தான். எஸ். மகராஜன் வக்கீலாக இருந்து உயர் நீதிமன்ற நீதிபதி ஆனவர். கம்பனைப் பற்றி நூலும் எழுதினார். பேராசிரியர் அ. சீனிவாசராகவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். பிற்காலத்தில் குற்றாலத்துக்குத் தேடி வந்தவர்களில் இடைசெவல் கி. ராஜநாராயணன் ஒரு விவசாயி. யாரும் வேலைவெட்டி இல்லாதவர்கள் அல்ல. ஞாயிறு சாயங்காலம் மட்டும் வேறு எதற்கும் கிடையாது என்று ஒதுக்கிவைத்தவர்கள்.

டி.கே.சி.க்கும் உத்தியோகச் சுமை வராமல் இல்லை. சென்னை மாகாண சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1930-களின் முற்பகுதியில் இந்து அறநிலைய ஆணையர் பொறுப்பு. ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை. அப்போதும் கம்பனை விடவில்லை. நேரில் கூட முடியாத நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்களில் வீட்டு நலம், ஊர்ச் செய்தி, சாப்பாட்டு ருசியோடு பாட்டின் ருசியும் சேர்ந்தே போகும். கூட்டம் கலைந்தாலும் வாசிப்பு கலையாமல் இருக்க அவர் கண்ட வழி அது. பின்னால் அந்தக் கடிதங்களே புத்தகங்களாகி நமக்குக் கிடைத்திருக்கின்றன.

கடைசிக் காலத்தில் குற்றாலமே வீடு. ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து தங்கிப் பேசிப்போனது ஊரறிந்த விஷயம். வந்தவர்களுக்கு அருவிக் குளியல், வயிறாரச் சாப்பாடு, அப்புறம் கம்பன். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பெருமையை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னவரும் அவரே. முத்தொள்ளாயிரத்துக்கு விளக்கம் எழுதி, பண்டிதர்களிடம் மட்டும் இருந்ததைச் சாதாரண வாசகர் கையில் கொடுத்தார். 1940-களில் தமிழிசை இயக்கத்துக்குத் தோள் கொடுத்தார். இடையில் பெரிய இடி விழாமல் இல்லை. ஒரே மகன் தீத்தாரப்பன், தகப்பனைப் போலவே தமிழில் ஊறியவர், இளம் வயதிலேயே போய்விட்டார். அந்தத் துக்கத்துக்குப் பிறகும் டி.கே.சி. புத்தகத்தை மூடிவைக்கவில்லை. சுகமான நாளுக்கு மட்டும் வைத்துக்கொண்ட பழக்கமாக இருந்திருந்தால் அன்றோடு அது நின்றிருக்கும்.

பெரியவர் என்பதற்காக எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கம்பராமாயணப் பாடல்களில் பெரும்பகுதி கம்பன் வாக்கே இல்லை, பின்னால் யாரோ செருகியவை என்று அவர் தீர்த்துச் சொன்னார். தமக்குச் சரி என்று பட்ட பாடல்களை மட்டும் எடுத்து, சில இடங்களில் சொற்களையும் திருத்திப் பதிப்பித்தார். ஏட்டுச் சான்று இல்லாமல் ரசனையை மட்டும் தராசாக வைப்பது முறையா என்று புலவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை யாரும் மறுக்க முடியாது. கரை கண்ட நூலையும் மறுபடி மறுபடி வாசித்து, ஒவ்வொரு பாட்டையும் பற்றிச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் வைத்திருந்த வாசகர் அவர். ஒப்புக்கொள்ள முடியாத இடத்தில்கூட நம்மைத் திரும்பப் போய்க் கம்பனைப் புரட்டவைக்கிறார்.

1954 பிப்ரவரியில் குற்றாலத்தில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் கல்கியும் போய்ச் சேர்ந்தார்.

இனி நம்ம கணக்குக்கு வருவோம். வருஷத்துக்கு இத்தனை புத்தகம் என்று நாம் எண்ணிக்கை வைக்கிறோம். எண்ணிக்கை தவறியதும் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறோம். டி.கே.சி. எண்ணவே இல்லை. கிழமையைக் குறித்தார், கூட்டாளியைச் சேர்த்தார், வாய்விட்டு வாசித்தார், வாசித்ததை இன்னொருவருக்குச் சொன்னார். கிழமை குறித்தால் நேரம் தானாகக் கிடைக்கும். காத்திருக்க நாலு பேர் இருந்தால் சோம்பல் வராது. அடுத்தவருக்குச் சொல்லணும் என்றால் அரைகுறையாகப் புரட்ட முடியாது. இதில் எதற்கும் காசு செலவில்லை. தொட்டிக்கட்டு வீடு இல்லாவிட்டால் மொட்டை மாடி போதும். வெளியூர் போன நண்பருக்குக் கடிதத்துக்குப் பதில் இன்று கைபேசி இருக்கிறது.

வருஷத்துக்கு ஒரு தடவை கூடி, காபி குடித்து, போட்டோ எடுத்துப் பிரிகிற நாம், ஊருக்கு நாலு பேராகச் சேர்ந்து ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் என்ன? மாணவத் தம்பிகள் விடுதியிலேயே ஆரம்பிக்கலாம். அடுத்த சந்திப்பில் "என்ன வேலை, என்ன சம்பளம்?" என்ற விசாரிப்போடு, "என்ன வாசிக்கிறீங்க அண்ணாச்சி?" என்ற கேள்வியும் காதில் விழட்டும். நம்ம மண்ணில் வாழ்ந்த ரசிகமணிக்கு நாம் செய்கிற மரியாதை அதுவாகவே இருக்கட்டும்.