தாவர இயல் மேதை டாக்டர் ஜானகி அம்மாள்

சுற்றுச்சூழல் மேலாண்மையில் முனைவர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்ய விரும்புவதாக நம் பிள்ளைகள் சிலர் கூறுவதைக் கேட்டு மகிழ்கிறோம். மருத்துவம், பொறியியல், அரசுப்பணி என்னும் மூன்று வாயில்களையே அறிந்திருந்த நம் வீடுகளுக்கு இது புதிய சொல். காடும் நீரும் மண்ணும் எவ்வாறு கெடுகின்றன, அவற்றைக் காப்பது எங்ஙனம் என்று ஆராய்வதற்கு நான்காண்டும் ஐந்தாண்டும் செலவிட்டால், அதுவரை குடும்பத்தைத் தாங்குவது யார் என்று பெற்றோர் வினவுவதும் இயல்பே. அவ்வினாவிற்கு எளிய விடை எம்மிடம் இல்லை. எனினும், அத்துறைக்குப் பெயரே இடப்படாத காலத்தில் அவ்வழியே நடந்து சென்ற பெண்மணி ஒருவரின் வரலாற்றை இவ்வெள்ளி விழா மலரில் எழுதி வைப்பது தகும் என்று கருதினோம். அவரே டாக்டர் ஜானகி அம்மாள்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில் 1897-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் அம்மையார் பிறந்தார். எடவலத்து கக்காட்டு என்பது குடும்பப் பெயர். தந்தையார் கிருஷ்ணன் சார்பு நீதிபதியாக விளங்கியவர். தாயார் தேவி அம்மாள், திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக இருந்த ஆங்கிலேயர் ஹானிங்டனுக்கும் மலையாளப் பெண்மணி ஒருவருக்கும் பிறந்த மகள். தந்தையார் இரு மனைவியரை மணந்தவர். உடன் பிறந்தோர் அனைவரையும் சேர்த்து எண்ணினால் பத்தொன்பது பேர். குடும்பம் தீயர் வகுப்பைச் சார்ந்தது. கோயிலுக்குள் நுழையவும் ஒண்ணாமல், மேற்சாதியாருக்கு இத்தனை அடி தொலைவில் நிற்க வேண்டும் என்று அளந்து ஒதுக்கப்பட்ட வகுப்பு அது. 1908-ஆம் ஆண்டு நாராயண குரு தலச்சேரியில் ஜகந்நாதர் கோயிலை நிறுவியபோது அம்மையாருக்கு வயது பத்து.

இங்கு ஒன்றை ஒளியாமல் கூறிவிட வேண்டும். அம்மையாரை நம் சேரிகளில் பிறந்தவர்போல் காட்டுவது உண்மைக்குப் பொருந்தாது. சாதியின் இழிவு அவர் குடும்பத்தைத் தொட்டது. ஆயின் பசி தொடவில்லை. வீட்டில் நூலகம் இருந்தது. பேணி வளர்த்த தோட்டம் இருந்தது. பறவைகளைக் குறித்து எழுதி வைக்கும் தந்தை இருந்தார். நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்கு இம்மூன்றும் இல்லை. அங்ஙனமாயினும், நீதிபதியின் மகள் என்பதால் சாதி அவரை விட்டுவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

தலச்சேரிப் பள்ளியில் பயின்று முடித்ததும் அம்மையார் சென்னைக்கு வந்தார். இராணி மேரிக் கல்லூரியில் பட்டம் பெற்றுப் பின்னர் மாநிலக் கல்லூரியில் தாவர இயல் சிறப்புப் பட்டத்தை 1921-இல் பெற்றார். சென்னைக் கிறித்தவ மகளிர் கல்லூரியில் ஆசிரியப் பணி கிடைத்தது. உடன்பிறந்த பெண்கள் ஒவ்வொருவராக மணம் முடித்துச் செல்லுகையில், அவருக்கும் உறவிலேயே மாப்பிள்ளை பேசப்பட்டது. அம்மையார் படிப்பைத் தேர்ந்துகொண்டார். வாழ்நாள் முழுதும் மணம் புரியவில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசிய நாட்டுப் பெண்களுக்கென்று லீவை பார்பர் என்னும் செல்வர் 1917-இல் ஓர் உதவித்தொகையை நிறுவியிருந்தார். கற்றுத் திரும்பித் தம் நாட்டிற்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அத்தொகையைப் பெற்று 1924-ஆம் ஆண்டு அம்மையார் கப்பலேறினார். நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள் அவரை நிறுத்தி வைத்ததாகவும், பட்டுச் சேலையையும் நீண்ட கூந்தலையும் கண்டு இந்திய இளவரசியோ என்று மயங்கியதாகவும், அம்மையார் அதை மறுக்கவில்லை என்றும் அவர் குடும்பத்தார் கூறுவர். சொந்த ஊரில் தீண்டாமைக்கு உள்ளான குலத்துப் பெண் அயல்நாட்டுக் கரையில் இளவரசியானதை எண்ணி நாம் சற்றே சிரித்துக்கொள்ளலாம்.

மிச்சிகனில் பார்ட்லெட் என்னும் பேராசிரியரின் கீழ் முதுகலைப் பட்டம் பெற்றார். சென்னைக்குத் திரும்பிச் சிறிது காலம் மீண்டும் கற்பித்தார். பின்னர் மறுபடியும் அங்கே சென்று, 1931-ஆம் ஆண்டு அறிவியல் டாக்டர் பட்டம் பெற்றார். தாவர இயலில் இத்தகைய பட்டத்தை அமெரிக்காவில் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே என்பர். அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-இல் நியூயார்க் சென்றார். அவருடைய கொலம்பியா டாக்டர் பட்டம் 1927-இல்தான் கைக்கு வந்தது. இருவர்க்கும் பிறர் அளித்த பொருளே வழி திறந்தது என்பதையும், இருவருமே இடையில் நாடு திரும்பிச் சம்பளத்திற்குப் பணி செய்து, எடுத்த படிப்பை முடிக்க மீண்டும் கடல் கடந்தனர் என்பதையும், கல்வி நிதி திரட்டும் நாம் மனத்தில் இருத்த வேண்டும். ஆராய்ச்சி இடையறாது ஓடும் ஆறன்று. பணம் தீரும், பணி குறுக்கிடும், மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.

அப்பட்டத்திற்காக அவர் செய்த வேலை யாது? நிக்காண்டிரா என்னும் ஒரு செடி, தென்னமெரிக்காவில் தோன்றியது, நம் கத்தரி, தக்காளி ஆகியவற்றின் குடும்பத்தது. அதன் குரோமோசோம்களை ஆராய்ந்ததே அம்மையாரின் ஆய்வேடு. ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் நூல்போன்ற குரோமோசோம்கள் உள்ளன. அவையே மரபுப் பண்புகளைத் தாங்குவன. உயிரணு பிரியும் வேளையில்தான் அவற்றைத் தெளிவாகக் காண இயலும். ஆதலின் விரைந்து வளரும் வேர் நுனியையும், மகரந்தம் உருவாகும் இளமொட்டையும் தக்க பொழுதில் கிள்ளி, மருந்தில் இட்டு, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்து எண்ண வேண்டும். ஒன்று பிழைத்தால் மீண்டும் முதலிலிருந்து. நூறு சீவல்களில் நான்கைந்து தேறினால் பெரிது. ஆராய்ச்சி என்றவுடன் மின்னல்போல் ஓர் எண்ணம் தோன்றுவதாக நம் இளைஞர் நினைப்பதுண்டு. அதன் பெரும்பகுதி இத்தகைய கைவேலையே. பொறுமையில் அது நெசவாளியின் வேலைக்கு ஒப்பானது.

நாடு திரும்பிய அம்மையார் திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் ஈராண்டுகள் பேராசிரியராக இருந்து, 1934-இல் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்திற்கு வந்தார். அந்நிலையத்தின் பெருமையை நம் நாட்டு உழவர் அறிவர். ஜாவா முதலிய தீவுகளின் கரும்பு தடித்தது, இனியது. ஆயின் வடஇந்தியக் குளிரைத் தாங்காது. ஆற்றோரத்து நாணல் தாங்கும், ஆயின் இனிப்பில்லை. இரண்டையும் கலந்து பார்பர் என்னும் ஆங்கிலேயரும் வேங்கடராமனும் புதிய கரும்பினங்களை உண்டாக்கினர். (இந்தப் பார்பர் வேறு, உதவித்தொகை தந்தவர் வேறு.) இக்கலப்புகளின் உள்ளே நிகழ்வது என்ன என்பதைக் குரோமோசோம்களைக் கொண்டு விளக்கியவர் அம்மையார். கரும்பைச் சோளத்தோடும், தருப்பை போன்ற புல்லோடும், மக்காச்சோளத்தோடும் கலந்தார். கரும்பு மக்காச்சோளக் கலப்பு 1938-இல் நேச்சர் இதழில் வெளியாயிற்று. சர் சி. வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தில் 1935-இலேயே உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இத்தனை இருந்தும் கோவை நாள்கள் அவருக்கு இனியனவாக அமையவில்லை. தனித்து வாழும் பெண், தாழ்ந்தது என்று பிறர் எண்ணிய சாதி. இவ்விரண்டும் சேர்ந்து உடன் பணிபுரிந்தோரிடையே அவரை ஒதுக்கின என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். கடல் கடந்து பெற்ற டாக்டர் பட்டமும் அந்த ஒதுக்கலைத் துடைக்கவில்லை. பட்டம் பெற்றால் சாதி மறையும் என்று நம் மேடைகளில் பேசுவோர் உண்டு. அம்மையாரின் வாழ்வு அப்பேச்சுக்குச் சான்று தரவில்லை. பட்டம் அவருக்குத் தந்தது வேறொன்று: ஓரிடம் கசந்தபோது வேறிடம் செல்லும் வலிமை.

1939-இல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டிற்குச் சென்றார். போர் மூண்டது, அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். இலண்டனை அடுத்த மெர்ட்டனில் ஜான் இன்னஸ் நிலையத்தில் டார்லிங்டன் என்னும் அறிஞரோடு பணியாற்றினார். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் பதுங்குவதும், விடிந்ததும் தட்டுகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வதுமாக நாள்கள் கழிந்தன. அவ்விருவரும் இணைந்து பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945-இல் வெளியிட்டனர். மனிதர் பயிரிடும் செடிகள் எங்குத் தோன்றின, எவ்வழியே பரவின என்று அறிய விழைவோர்க்கு அந்நூல் நெடுங்காலம் கைவிளக்காயிற்று. பின்னர் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் விஸ்லி தோட்டத்தில் 1951 வரை பணி. கோல்ச்சிசின் என்னும் மருந்தால் குரோமோசோம் எண்ணிக்கையைப் பெருக்கும் முறையை அங்கே மக்னோலியா மரங்களில் கையாண்டார். இப்பொருள் நம் வேலிகளில் படரும் செங்காந்தளின் கிழங்கிலும் உண்டு. அவர் பெயர் தாங்கிய மக்னோலியா வகை ஒன்று இன்றும் வழக்கில் உள்ளது.

தலைமையமைச்சர் நேருவின் அழைப்பின்பேரில் அம்மையார் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவரவியல் கணக்கெடுப்பு நிறுவனத்தைச் சீரமைக்கும் தனி அலுவலராக 1952 அக்டோபர் 14-ஆம் நாள் பொறுப்பேற்றார். இக்காலந்தொட்டு அவருடைய நாட்டம் ஆய்வுக்கூடத்திலிருந்து காட்டின் பக்கம் திரும்புவதைக் காண்கிறோம். அசாமின் அப்பகுதியில் ஒன்றே ஒன்று எஞ்சியிருந்த ஒருவகை மக்னோலியா மரத்தைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்றார். மரம் எரிக்கப்பட்டுக் கிடந்தது. இச்செய்தியை அவர் டார்லிங்டனுக்குக் கடிதத்தில் தெரிவித்தார். ஓரினம் அழிந்தால் அதன் உயிரணுவில் பொதிந்த கோடியாண்டு வரலாறும் உடன் அழியும் என்பதை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தவர்க்கு, எரிந்த அடிமரம் வெறும் விறகாகத் தோன்றியிராது.

1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் இப்புவியின் முகத்தை எவ்வாறு மாற்றினான் என்பதைப் பற்றி ஒரு பேரறிஞர் கூட்டம் நடந்தது. சுற்றுச்சூழல் என்னும் கல்வித்துறைக்கு அடிக்கல் நாட்டிய கூட்டங்களுள் ஒன்றாக அதனை எண்ணுவர். அழைக்கப்பட்டோருள் பெண்பாலார் அம்மையார் ஒருவரே. அங்கே அவர் இந்தியாவின் பிழைப்பு வேளாண்மையைப் பற்றிப் பேசினார். பழங்குடி மக்கள் காட்டோடு கொண்ட உறவு, தாய்வழிக் குடும்பங்களில் பெண்கள் விதைகளையும் வீட்டுச் செடிகளையும் காத்துவந்த முறை, உணவுப் பெருக்கத்தின் பெயரால் காடுகள் அழிவது ஆகியவற்றை எடுத்துரைத்தார். நிலம் இல்லாதவனும் காட்டில் வாழ்பவனும் அறிவற்றவர் அல்லர். தாவரங்களைப் பற்றிய பெரும் அறிவு அவர்களிடம் உள்ளது என்பது அவருடைய முடிவு. நம் பாட்டிமார் வயல் வரப்பில் பறித்த கீரையின் பெயர்களை நினைவுகூர்வோர்க்கு இது விளங்கும். அடுத்த ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்பு டாக்டர் பட்டம் வழங்கிற்று.

அலகாபாத்தில் மத்தியத் தாவர ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகவும், ஜம்மு வட்டார ஆய்வுக்கூடத்திலும், சிறிது காலம் டிராம்பேயிலும் பணியாற்றிய பின், 1970-இல் சென்னையில் குடியமர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவர இயல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் களநிலையமே அவருடைய இல்லமும் ஆய்வுக்கூடமும் ஆயிற்று. மருந்துச் செடிகளை வளர்த்தார். ஆய்வுக் கட்டுரைகளை எழுதிக்கொண்டேயிருந்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அவருடைய வயது அப்போது எண்பதை எட்டிக்கொண்டிருந்தது.

பாலக்காட்டு மாவட்டத்தின் சைலண்ட் வேலி என்னும் அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழாவின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் வகுக்கப்பட்டது. சிங்கவால் குரங்குகள் வாழும் மழைக்காடு நீரில் மூழ்கும் நிலை. ஆசிரியர்களும் அறிவியலாரும் கவிஞர்களும் எதிர்த்து நின்றனர். மின்சாரம் வேண்டாமா, ஏழைக்கு வேலை வேண்டாமா என்ற வாதம் மறுபக்கம் எழுந்தது. அது எள்ளி ஒதுக்கத்தக்க வாதம் அன்று; விளக்கில்லாத தெருக்களில் வாழ்ந்த நாம் அதனை அறிவோம். அம்மையார் எண்பது வயதைக் கடந்த நிலையில் காட்டின் பக்கம் நின்றார். நின்றதோடு அமையாமல், மூழ்கவிருந்த அம்மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் பணியில் தாமே இறங்கினார். ஐம்பதாண்டுகளுக்கு முன் ஒரு சிறு செடியின் வேர் நுனியில் கற்ற அதே தொழில்தான்.

1984-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் மதுரவாயலில் அம்மையார் மறைந்தார். அணைத் திட்டம் அதற்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 15-ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.