நம் காடுகளில் பயின்ற மேதை

ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1823ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் வேல்ஸில் பிறந்தார். குடும்ப வறுமையால் 14 வயது வாக்கிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. நில அளவை வேலை பார்த்துக்கொண்டே செடிகளையும் வண்டுகளையும் ஆராய்ந்தார்.

1848இல் அமேசான் காடுகளுக்குச் சென்றார். 1852இல் திரும்பும் வழியில் கப்பல் தீப்பற்றியது. அரும்பாடுபட்டுச் சேகரித்தவை எரிந்து போயின. ஆயினும் மனம் தளராமல் 1854இல் சிங்கப்பூர் வந்திறங்கினார். புக்கிட் தீமா, மலாக்கா, சரவாக் எனக் காடுகாடாக அலைந்தார். எட்டு ஆண்டுகளில் 125,000க்கும் மேற்பட்ட உயிரின மாதிரிகளைத் திரட்டினார்.

1858இல் மலுக்குத் தீவுகளில் காய்ச்சலோடு கிடந்தபோது அவருக்கு விடை கிடைத்தது. சூழலுக்கு ஏற்ற உடலமைப்பு வாய்த்தவை பிழைக்கின்றன. அவற்றின் சந்ததியே பெருகுகிறது. இதை டார்வினுக்கு எழுதி அனுப்பினார். டார்வினும் அதே முடிவுக்கு வந்திருந்ததால், இருவர் கருத்தும் அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன.

சுமத்ராவில் அவர் கண்ட இலை வண்ணத்துப்பூச்சி, சிறகை மூடினால் நரம்போடிய காய்ந்த இலையாகவே தெரியும். மெம்னான் எனும் வண்ணத்துப்பூச்சியிலோ பெண்களில் சில மட்டும் வேறோர் இனத்தின் தோற்றத்தைக் கொண்டிருந்தன. இத்தகைய வேடம் பெண்ணுக்கு ஏன்? முட்டைகளைச் சுமந்து மெல்லப் பறப்பதால், முட்டையிடும் வரை அதற்கே பாதுகாப்பு அதிகம் தேவை என விளக்கினார் வாலஸ்.

1913ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், தம் 90ஆம் வயதில் மறைந்தார். பல்கலைக்கழகத்தில் பயிலாத அவருக்கு நம் காடுகளே பல்கலைக்கழகம் ஆயின. நாமோ அவற்றின் அருகிலேயே வாழ்கிறோம், உற்றுப் பார்க்கிறோமா?